கலங்கலைத் தாண்டி வந்த வெளிச்சம்

ஜெசிந்தா அடுக்களை ஜன்னலைச் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உலையில் அரிசி போட்டிருந்த நேரம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே திடீரென்று இருட்டு. என் மனைவி மெர்சி அகப்பையும் கையுமாக நின்றாள்.

"ஏளா, மீன் அடிப்பிடிச்சா ஒங்கப்பாதான் திங்கணும்" என்றாள்.

மகள் காதில் வாங்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி மேசைமேல் வைத்தாள். செல்போன் டார்ச்சை அதற்கு அந்தப் பக்கம் பிடித்தாள். இந்தப் பக்கச் சுவரில் வெளுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. பின்னால் இன்னொரு தம்ளர் வைத்தாள், வட்டம் மங்கியது. மூன்றாவது வைத்தபோது ஒரு சாயல்தான் மிஞ்சியது. நான்காவதில் சுவர் சுவராகவே இருந்தது.

"இப்ப சுவத்துல வெளிச்சம் விழுந்தா என்னப்பா அர்த்தம்?"

"தண்ணி தெளிஞ்சிருக்கும்."

"தெளியல. அதே கலங்கல்தான். அப்பயும் விழுதுன்னா?"

நான் யோசித்தேன். "வேற வழியா வந்திருக்கும்."

அவள் ஜன்னலைத் திறந்தாள். "இவ்வளவுதாம்ப்பா. அஞ்சு வருசமா நான் பாக்குத வேலை இதுதான்."

"இந்தக் கழனித்தண்ணிக்கா மாசாமாசம் பணம் குடுக்காவ" என்று மெர்சி குழம்பைக் கிளறப் போய்விட்டாள். எனக்கு மட்டும் அந்த நான்கு தம்ளர்களையும் விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

காமா என்றால் பயம்

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன் என்பதை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். பயந்த சுபாவம் என்பதையும் சொல்லியிருக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். "இவிய கவலப்படலன்னாத்தான் எனக்குக் கவல" என்று மெர்சி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

துறைமுகத்தில் எனக்கு லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் ஆட்டத்தில் சரியாமல் இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது. அந்த வேலையில் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம், கன்டெய்னரைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கிற கட்டடத்தின் மேல்தான். அதன் வாசலில் மஞ்சள் பலகை, மூன்று இதழ் போட்ட கறுப்பு அடையாளம், கதிர்வீச்சு என்று எழுத்து. அந்தப் பக்கம் போக வேண்டிவந்தால் நான் சுற்றிக்கொண்டு போவேன். நல்ல வெயிலில் சுற்றுவேன்.

அப்படிப்பட்டவனுக்கு மகள் போனில் சொன்னாள், மேல்படிப்பில் காமா கதிர்களைத்தான் எடுத்திருக்கிறேன் என்று.

இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈயத்தில் சட்டை விற்பார்களாமே, அதைப் போட்டுக்கொள்கிறாளா என்று மெர்சியைவிட்டுக் கேட்டேன். கடைசியில் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

அந்தக் கதிர் நம் காற்றுமண்டலத்தின் மேல்தட்டிலேயே மோதி முடிந்துவிடுமாம். அப்படி முடியும்போது நீலமாக ஒரு மின்னல், கண் சிமிட்டுவதற்குள் கோடி தடவை வந்துபோகிற வேகத்தில் அடிக்குமாம். பெரிய பெரிய கண்ணாடிகளை வைத்து அந்த மின்னலைப் பிடிக்கிறவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். இவள் கைக்கு வருவது கம்ப்யூட்டரில் வெறும் எண்கள்.

"நீங்க வெயில்ல சுத்துததுலதான் கதிர் ஜாஸ்திப்பா" என்றாள். அன்று இரவு சாப்பிட்டேன்.

வெகுதூரத்துப் பீச்சு

பயம் போன இடத்தில் ஒரு குறுகுறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தப்பிருந்தால் என்னுடையது.

சில அண்டங்களின், அதாவது நட்சத்திரக் கூட்டங்களின், நடுவில் மகா பெரிய கருந்துளை ஒன்று உட்கார்ந்து, சுற்றியுள்ளதை இழுத்து விழுங்கிக்கொண்டிருக்கிறது. விழுங்க முடியாததை இரண்டு பக்கமும் குழாயில் பீச்சுவதுபோல் பீச்சி அடிக்கிறது. ஒரு பீச்சு தற்செயலாக நம் பக்கம் திரும்பியிருந்தால், அதிலிருந்து காமா கதிர் நமக்கு வரும். அந்தக் கதிர் புறப்பட்டபோது நம் பூமியே உண்டாகாத அளவுக்குத் தூரத்தில் இருப்பவைகூட உண்டு.

வழியில் என்ன கலங்கல் என்று கேட்டேன். வானம் வெட்டவெளிதானே.

இல்லையாம். ஆதியிலிருந்து இன்றுவரை எரிந்த எல்லா நட்சத்திரங்களும் விட்ட வெளிச்சம் எங்கும் போய்த் தொலையவில்லையாம். மெல்லிய மூட்டமாக அங்கேயே நிற்கிறதாம். பலமான காமா கதிர் ஒன்று அந்த மூட்டத்து வெளிச்சத்தில் இடித்தால் இரண்டுமே ஒளியாக இல்லாமல் போய்விடும். வெளிச்சத்துக்கு வெளிச்சமே கலங்கல். இதைக் கேட்ட அன்று நான் வேலையில் கம்பியைத் தப்பான கொக்கியில் மாட்டினேன்.

ஆக, வெகுதூரத்துக் கதிர் இவ்வளவுதான் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு ஒரு கோடு வரையலாம். வந்து சேர்ந்ததைப் புள்ளிகளாக வைக்கலாம். புள்ளிகள் கோட்டுக்கு மேலே நின்றால் என்ன அர்த்தம்? நான்கு தம்ளருக்கு அப்பால் சுவரில் வெளிச்சம்.

அதற்குச் சிலர் சொல்லும் ஊகம்தான் ஜெசிந்தாவின் ஆராய்ச்சி. யாரும் இதுவரை பார்த்திராத, எடையே இல்லை என்று சொல்லுமளவுக்கு லேசான ஒரு துகள் இருக்கலாம். காந்தப்புலம் இருக்கும் இடத்தில் ஒளி அந்தத் துகளாக மாறும். துகளுக்குக் கலங்கல் ஒன்றும் செய்யாது, நேரே வந்துவிடும். நம் பக்கத்துக் காந்தப்புலத்தில் மறுபடி ஒளியாகும்.

எனக்கு உடனே பிடிபட்டது. "லாரியில வார பெட்டி கடலத் தாண்டாதுல்லா. இங்கன கப்பல்ல ஏத்துதோம். அங்கன எறக்கி மறுபடி லாரியில போவுது. அப்படித்தான?"

"நல்லாருக்குப்பா. ஆனா ஒங்க பெட்டி மாறாது. இதுல பெட்டியே வேறயாயிரும்."

இந்த வகைத் துகளுக்கு ஆக்சியான் என்று பெயர் வைத்தது வெளிநாட்டுச் சலவைத்தூள் ஒன்றின் பெயரைப் பார்த்துத்தானாம். அதைச் சொன்னபோது மெர்சி, அப்படியானால் தனக்கும் ஒரு டாக்டர் பட்டம் வர வேண்டும் என்றாள்.

மூன்று புள்ளிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவள் சும்மா விடுமுறைக்கு வரவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசி அதிகாரத்தை எழுத வந்திருந்தாள். வந்து ஒரு வாரமாகியும் ஒரு வரி எழுதவில்லை. மடிக்கணினியைத் திறப்பாள், மூடுவாள்.

அவள் படத்தில் கடைசி மூன்று புள்ளிகள் கோட்டுக்கு மேலே நின்றன. அந்த மூன்றைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் ஆசையாக எழுதியிருந்தார், முடித்ததும் இங்கே வா, இடம் வைத்திருக்கிறேன் என்று. இதற்குள் வேறு யாரோ அந்த மூட்டத்தைப் புதிதாக அளந்துவிட்டார்கள். முன்பு நினைத்ததைவிடக் கலங்கல் கொஞ்சம் குறைவாம். கலங்கல் குறைந்தால் கோடு மேலே ஏறும். ஏறினால் அந்த மூன்று புள்ளிகளும் கோட்டிலேயே உட்கார்ந்துவிடலாம். அப்புறம் துகளுமில்லை, ஒன்றுமில்லை. புது அளவை வைத்து மறுபடி கணக்கை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்குப் பழைய பயம் கிளம்பியது. அஞ்சு வருசப் படிப்பு, ஜெர்மனி, எல்லாம் போகிறதே.

நான் சொன்னேன்: "பழைய அளவையே வச்சு எழுதிட்டுப் போயேன். அவ்வளவு தூரம் யாரு போயிப் பாக்கப் போறா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. யாரோ அசலூர் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

எனக்கோ அவள் போனது உறைக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைதான் காதில் நின்றது. யாரு போயிப் பாக்கப் போறா. அது புதிதில்லை. அதே வார்த்தையை இதற்கு முன் ஒரே ஒரு தடவை, மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். தண்ணீருக்கு அடியில்.

கைப்பிடி மணல்

கல்யாணமான புதிது. அப்போது நான் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணுக்குக் கண்ணாடி, காலில் துடுப்புபோல் அலுமினியத் தகடு, இடுப்பில் வலைப்பை. சீசன் இல்லாத நாளில் முத்துப் பார் பார்க்கிற சர்வேக்கு ஆள் எடுப்பார்கள். பார் என்பது கடலுக்கடியில் பாறைத் திட்டு, முத்துச் சிப்பி பிடித்து வளர்கிற இடம். நம் கடலில் முத்துக் குளித்தே ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. ஆனாலும் சிப்பி திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்க ஆள் இறக்குவார்கள்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. குறித்த இடத்தில் வள்ளம் நிற்கும். முங்குகிறவன் அடிவரை போய், சிப்பி இருந்தால் பையில் எடுக்க வேண்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு கைப்பிடி மணலோ கல்லோ அள்ளிக்கொண்டு வர வேண்டும். மேலே வந்ததும் முதலில் கையைத்தான் விரித்துக் காட்ட வேண்டும். அடியைத் தொட்டான் என்பதற்கு அதுதான் சாட்சி. வள்ளத்தில் அதிகாரி ஒருவர் பாக்கெட் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார். சர்வே சார் என்போம். எழுதுவாரே தவிரப் பேசமாட்டார்.

அன்று கச்சான், கடலைக் கலக்கிவிடும் மேற்குக் காற்று. தண்ணீர் சாணி கரைத்தாற்போல் கலங்கல். ஒன்பது பாகம் ஆழம். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். ஐந்து பாகம் இறங்கும் வரை என் கையை நானே பார்த்தேன். ஆறில் கை தெரியவில்லை. அதற்குக் கீழே கறுப்பு. கறுப்புக்குள் ஏதோ அசைந்ததா, என் கண்தான் அசைந்ததா தெரியாது. மெர்சிக்கு அப்போது ஆறாம் மாசம், வயிற்றில் ஜெசிந்தா.

யாரு போயிப் பாக்கப் போறா என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன்.

மேலே வந்து, "ஒண்ணுமில்ல சார்" என்றேன். கையை விரித்தேன், வெறும் கை. வரும் வழியில் மணல் நழுவிவிட்டது என்றேன். சார் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஏதோ எழுதினார். வள்ளம் அடுத்த இடத்துக்குப் போனது. அதற்குப் பின் சர்வேக்குக் கூப்பிட்டபோது காய்ச்சல் என்றேன். அடுத்த வருஷம் துறைமுக வேலை கிடைத்தது.

என் கவலைகளில் மெர்சிக்குத் தெரியாத கவலை இது ஒன்றுதான். அந்த இடத்தில் சிப்பி இருந்திருந்தால்? என் ஒற்றை வார்த்தையால் அந்தப் பாரையே காலி என்று முடித்திருப்பார்களே. மழை பெய்தால், காற்று மாறினால், இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஒப்பந்தம்

சாயங்காலம் ஜெசிந்தா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். முழுவதும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை ஒரே சட்டையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அங்கன சிப்பி இருந்துச்சா, இல்லையாப்பா?"

"தெரியாதுளா."

"ஆனா இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"ஆமா."

அப்புறம் அந்த மணல் விஷயத்தைத் திரும்பக் கேட்டாள். கையை எப்படி விரிப்பீர்கள், கல்லாக இருந்தால் என்ன செய்வீர்கள், நழுவாமல் வர முடியுமா. நானும் சொன்னேன். தங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு என்றாள். கம்ப்யூட்டரில் தாங்களே ஒரு பொய்த் துகளை வைத்து, அதன் வழியாக வெளிச்சம் வந்ததுபோல் எண்களை உண்டாக்கி, அதைத் தங்கள் தேடல் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார்களாம். நாமே வைத்ததைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன், நிஜத்தில் இல்லை என்று சொல்ல யோக்கியதை இல்லாதவன்.

பிறகு என் தோளில் மடித்த சட்டையைப் போட்டாள்.

"நான் என் கணக்க ஓட்டுதேன். இல்லன்னு வந்தா இல்லன்னு எழுதுதேன். நீங்க அந்த சார்கிட்டப் போயி, தெரியலன்னு சொல்லிட்டு வாங்க."

"இத்தன வருசம் கழிச்சா?"

"நான் பாக்குத வெளிச்சம் எத்தன வருசத்துக்கு முன்னாடி கெளம்புனதுன்னு நெனைக்கிய?"

அந்தக் கணக்கு இரண்டு நாள் ஓடியது. கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க மெர்சி மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள், எங்களுக்குக் காற்றில்லை. மூன்றாம் நாள் காலை ஜெசிந்தா படத்தைக் காட்டினாள். கோடு ஏறியிருந்தது. மூன்று புள்ளிகளில் இரண்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தன. மூன்றாவது ஒரு நூல் மேலே. அது கணக்கில்லை என்றாள். வைத்த பொய்த் துகள் மாட்டிக்கொண்டதாம், ஆனால் நிஜம் அங்கே இல்லை. அழவில்லை. "பசிக்குது" என்றாள்.

இன்னொரு படமும் காட்டினாள். பாதி இடத்தில் நிழல் அடித்திருந்தது, மீதி வெள்ளையாக விட்டிருந்தது. இன்னும் பலவீனமான துகளாக இருந்தால் வைத்ததே மாட்டவில்லையாம். நிழல் அடித்த இடத்தில் தேடினோம், இல்லை. வெள்ளையில் நம் கை எட்டவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு அது கடல் வரைபடம்போலவே இருந்தது.

பென்சில் கோடு

அப்புறம் என் முறை. சர்வே சார் ஓய்வு பெற்று ஊருக்குள்தான் இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் தெரியும். அவர் தெருவையும் நான் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

வாசலில் செருப்பைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினேன். சாருக்கு நல்ல வயசாகிவிட்டது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லுமுன்பே சொல்லிவிட்டேன்.

"சார், அன்னைக்குக் கலங்கல் நாள்ல நான் அடியத் தொடல."

"அது தெரியும்யா" என்றார்.

உள்ளே போய்ச் சின்ன நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். ஆபீஸ் புத்தகத்தில் ஏற்றுவதற்கு முன் வள்ளத்தில் எழுதிய சொந்த நோட்டு. பென்சில் எழுத்து மங்கியிருந்தது. வரிசையாகச் சுழி, சுழி, ஒரு இடத்தில் நான்கு, மறுபடி சுழி. அன்றைய தேதியில் என் பெயருக்கு நேரே சுழி இல்லை. குறுக்கே ஒரு சின்னக் கோடு.

"சுழின்னா தேடுனோம், இல்ல. கோடுன்னா தேடல. மணல் நழுவுனா நகத்துலயாவது ஒட்டியிருக்கும், ஒம்ம கை கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. ஆபீஸ் புத்தகத்துலயும் கோடுதான் ஏத்துனேன்."

அப்பவே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா ரோசப்பட்டுத் திரும்ப எறங்கியிருப்பீரு. கடல் அன்னைக்கு எறங்குத கடலா? அடுத்து யாராவது பாக்கட்டும்னு விட்டேன். எனக்கு மாத்தல் வந்துட்டு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதயா இத்தன வருசம் வச்சிருந்தீரு? ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கலாமே."

அதற்குப் பிறகு அங்கே ஆள் இறங்கினார்களா என்று அவருக்கும் தெரியாது. சிப்பி இருந்ததா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று அவர் தெரு வழியாக நேராகவே நடந்து வந்தேன்.

வெளியே பெஞ்சில்

ஜெர்மனி இடம் போய்விட்டது. பேராசிரியர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், வேறொருவரை எடுத்திருப்பதாக. மெர்சி இரண்டு நாள் அவரைத் திட்டினாள்.

ஜெசிந்தாவின் வாய்மொழித் தேர்வுக்கு நாங்கள் இரண்டு பேரும் ரயிலேறிப் போனோம். யார் வேண்டுமானாலும் உள்ளே உட்காரலாம் என்றார்கள். மெர்சி முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். எனக்குத் தைரியம் இல்லை. வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவுக்குள் ஒரு ஆண்குரல் நீளமாக எதையோ கேட்டது. அப்புறம் கரும்பலகையில் எழுதுகிற சத்தம், நிற்காமல், வெகுநேரம்.

கதவு திறந்து அவள்தான் முதலில் வந்தாள்.

"என்னளா கேட்டாவ?"

"கையில மணல் இருக்கான்னு கேட்டாவப்பா."

அவள் கையை விரித்தாள். உள்ளங்கை முழுக்கச் சாக்பீஸ் தூள்.